படர்க்கையில் நிறுத்தப்பட்டோர்: அமெரிக்க – ரஷ்ய அரசதந்திர மொழியில் தன்பாலீர்ப்பினர் உரிமை

ஆய்வுச் சுருக்கம்

பகை நாடுகள் மோதிக்கொள்ளும்போது தன்பாலீர்ப்பினர் உரிமை அவற்றின் பேச்சில் எவ்வடிவம் கொள்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அமெரிக்காவும் ரஷ்யாவும் பனிப்போர்க் காலந்தொட்டு இப்பொருள் குறித்து வெளியிட்ட ஆணைகள், சட்டங்கள், உரைகள் ஆகியனவும், ஐக்கிய நாடுகள் அவையின் தீர்மானங்களும், தனிமனிதர் பன்னாட்டு மன்றங்களில் தொடுத்த முறையீடுகளும் இங்கு ஒப்பிடப்படுகின்றன. தமிழ் இலக்கணம் கூறும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடப் பாகுபாடு ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. அரசுகளின் பேச்சு தன்பாலீர்ப்பினரைப் படர்க்கையில் நிறுத்தி எதிரி நாட்டின் அடையாளமாக்குகிறது என்பதும், உரிமைக்கு உரியவர் தன்மையில் பேசிய இடங்களிலேயே பகையின் ஏற்ற இறக்கத்தைக் கடந்து நிற்கும் பயன் பெரிதும் விளைந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: அரசதந்திரம், தன்பாலீர்ப்பு, பனிப்போர், மரபு விழுமியங்கள், மனித உரிமைகள் பேரவை, சோச்சி, தன்மை – படர்க்கை.

முன்னுரை

2020ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் முகப்பில் வானவில் கொடி தொங்கவிடப்பட்டது. ரஷ்ய அரசமைப்புத் திருத்தங்களுக்கான பொதுவாக்கெடுப்பு தொடங்கிய நாளும் அதுவே. திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான பிணைப்பு என்னும் வரையறை அத்திருத்தங்களுள் ஒன்று. வாக்கெடுப்பு முடிந்த பின், ஜூலை 3ஆம் நாள், கொடியைப் பற்றிய பேச்சு எழுந்தபோது ரஷ்யக் குடியரசுத் தலைவர் விளாதிமிர் புதின், அக்கட்டடத்தில் பணியாற்றுவோர் எத்தகையோர் என்பதை அக்கொடி காட்டுகிறது என்னும் பொருள்பட எள்ளலாக விடையிறுத்தார்.

இந்நிகழ்வில் இரண்டு கூற்றுகள் உள்ளன. கொடி, அமெரிக்கா ரஷ்யாவுக்குச் சொன்னது. எள்ளல், ரஷ்யா அமெரிக்காவுக்குச் சொன்னது. அவ்வாக்கெடுப்பின் விளைவைத் தம் வாழ்வில் சுமக்க இருந்த ரஷ்யத் தன்பாலீர்ப்பினர் இவ்விரண்டு கூற்றுகளிலும் பேசுவோராகவும் இல்லை, கேட்போராகவும் இல்லை. அவர்களைப் பற்றிய பேச்சு அவர்களின் தலைக்கு மேலே நடந்தது.

தூதுமொழியில் பேசப்படும் பொருள் ஒன்றாகவும் உணர்த்தப்படும் பொருள் வேறாகவும் இருத்தல் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. அதியமானின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலங்களைப் புகழ்வதுபோலப் பழித்தமையைப் புறநானூறு காட்டுகிறது. அங்குப் பேசுபொருள் படைக்கலங்கள். அவற்றை இன்னொரு பொருளுக்குக் கருவியாக்கினால் அவற்றுக்கு நோவதில்லை. இன்றைய அரசதந்திரத்தில் அவ்விடத்தில் மனிதர் வைக்கப்படும்போது என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆய்வுப் பரப்பும் அணுகுமுறையும்

தன்பாலீர்ப்பினர் உரிமையை முன்னிட்டு நாடுகள் மோதிய நிகழ்வுகள் பல. அவற்றுள் அமெரிக்க – ரஷ்ய மோதல் இங்குத் தேர்ந்துகொள்ளப்பட்டமைக்குக் காரணம் அதன் நீண்ட முன்வரலாறு. பகை நீடித்திருக்க, அதனுள் தன்பாலீர்ப்பினருக்கு அளிக்கப்பட்ட இடம் மட்டும் மாறி வந்துள்ளதை இங்குத் தெளிவாகக் காணலாம்.

ஒவ்வொரு ஆவணத்திடமும் மூன்று வினாக்கள் எழுப்பப்படுகின்றன. பேசுபவர் யார்? யாரை நோக்கிப் பேசப்படுகிறது? யாரைப் பற்றிப் பேசப்படுகிறது? இவை முறையே தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூவிடங்களுக்கு உரியவை. வாக்கியத்தில் ஒருவர் எவ்விடத்தில் நிற்கிறார் என்பது சொல்லமைப்பு மட்டுமாகாது. அவருக்கு அவையில் உள்ள இடத்தையும் அது சுட்டும். ரஷ்ய மொழி மூலங்கள் ஆங்கிலப் பெயர்ப்பின் வழியே அணுகப்பட்டுள்ளன. இது இவ்வாய்வின் எல்லை. ‘தன்பாலீர்ப்பினர்’ என்பது தம் பாலினத்தவர்மீது ஈர்ப்புடையோரையும், ‘பால்புதுமையினர்’ என்பது அவர்களுடன் திருநர் முதலியோரையும் உள்ளடக்கிய விரிந்த வகையினரையும் இங்குக் குறிக்கும்.

1. எதிரியின் சாயல்: பனிப்போர்க் கால முன்வரலாறு

புரட்சிக்குப் பின் இயற்றப்பட்ட 1922ஆம் ஆண்டு ரஷ்யக் குற்றவியல் தொகுப்பில் ஆண்களுக்கிடையிலான பாலுறவு குற்றமாக இடம்பெறவில்லை. 1933–34இல் ஸ்டாலின் ஆட்சி அதனை மீண்டும் குற்றமாக்கியது. அதற்கு முன், 1933 செப்டம்பரில், காவல்துறைத் தலைவர்களுள் ஒருவரான யகோதா ஸ்டாலினுக்கு அனுப்பிய குறிப்பில், தன்பாலீர்ப்பினர் வட்டங்கள் உளவுச் செயல்களில் ஈடுபட முனைவதாகக் குற்றஞ்சாட்டியிருந்தார். 1934இல் மாக்சிம் கார்க்கி தம் கட்டுரையொன்றில் தன்பாலீர்ப்பைப் பாசிசத்தோடு இணைத்து எழுதினார். ஆக, சோவியத் ஒன்றியத்தில் தன்பாலீர்ப்பினர் அயல்நாட்டுப் பகைவரின் சாயலாகக் காணப்பட்டனர்.

அமெரிக்காவில் இதன் எதிருருவம் 1950களில் தோன்றியது. 1950 பிப்ரவரியில் வெளியுறவுத் துறை அதிகாரி ஜான் பியூரிஃபாய், தன்பாலீர்ப்பினர் 91 பேர் அத்துறையிலிருந்து நீக்கப்பட்டதாக மேலவைக் குழு முன் தெரிவித்தார். மேலவையின் ஹோயி குழு, தன்பாலீர்ப்பினர் மிரட்டலுக்கு எளிதில் பணிந்து நாட்டின் மறைபொருளைக் காட்டிக்கொடுப்பர் என்று முடிவு கூறியது. அதற்குச் சான்றாக அக்குழு எடுத்துக்காட்டியது முதல் உலகப் போருக்கு முந்தைய ஆஸ்திரிய அதிகாரி ரெடலின் கதையை. 1953 ஏப்ரலில் ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450ஆம் எண் ஆணை, ‘பாலியல் பிறழ்வு’ என்பதனை அரசுப் பணிக்கான பாதுகாப்புத் தடைகளுள் ஒன்றாக்கியது. இவ்வேட்டையின் வரலாற்றை டேவிட் ஜான்சன் 2004இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

இரு நாடுகளும் கொள்கையில் எதிரெதிர் நின்றபோதும் இவ்வொரு பொருளில் ஒரே வாக்கிய அமைப்பைக் கையாண்டன. மாஸ்கோவின் பார்வையில் அவர் பாசிசத்தின் ஆள். வாஷிங்டனின் பார்வையில் பொதுவுடைமையருக்குக் காட்டிக்கொடுக்கக் கூடியவர். பெயர் மாறினாலும் ‘அவர் எதிரியைச் சேர்ந்தவர்’ என்னும் படர்க்கைக் கூற்று மாறவில்லை.

இக்காலத்தின் ஆவணங்களுள் ஒன்று தனித்து நிற்கிறது. மாஸ்கோவில் ஆங்கில நாளிதழ் ஒன்றில் பணியாற்றிய பிரித்தானியப் பொதுவுடைமையர் ஹாரி வைட், புதிய சட்டம் வந்ததும் 1934இல் ஸ்டாலினுக்கே நீண்ட கடிதமொன்று எழுதினார். தன்பாலீர்ப்பினர் ஒருவர் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினராக இருக்கத் தகுதியுடையவரா என்பதே அதன் வினா. தாம் தன்பாலீர்ப்பினர் என்பதை மறைக்காது, தன்மையில் நின்று, மார்க்சியத்தின் வழியே வாதிட்ட கடிதம் அது. ஸ்டாலின் அதன்மேல் வசைக் குறிப்பொன்றை எழுதி ஆவணக் காப்பகத்திற்கு அனுப்பச் செய்தார். 1993இல்தான் அக்கடிதம் ரஷ்யாவில் அச்சேறியது. ரஷ்யா அச்சட்டப் பிரிவை நீக்கியதும் அதே ஆண்டில்தான். தன்மையில் பேசப்பட்ட ஒரு வினாவுக்குக் கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் காப்பகமே விடையாயிற்று.

2. அறிக்கைகளும் தீர்மானங்களும்

2008ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் பாலியல் நாட்டம், பாலின அடையாளம் ஆகியவற்றின் பெயரால் இழைக்கப்படும் வன்முறையைக் கண்டித்து 66 நாடுகளின் சார்பில் அர்ஜென்டினா ஓர் அறிக்கையை வாசித்தது. அதற்கு எதிரான அறிக்கையைச் சிரியா வாசித்தது. ரஷ்யா அந்த 66 நாடுகளுள் இல்லை, அமெரிக்காவும் இல்லை. ஒபாமா பொறுப்பேற்ற பின், 2009 மார்ச்சிலேயே அமெரிக்கா அதனை ஏற்றது. தன் மாநிலங்கள் சிலவற்றில் தன்பாலுறவு குற்றமாக இருந்த நிலை அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முடிவுக்கு வந்தது 2003இல்தான். பின்னாளில் உலக அரங்கில் இவ்வுரிமையின் கொடியை ஏந்திய நாடு அதனைக் கையில் எடுத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

2011 ஜூன் 17இல் மனித உரிமைகள் பேரவை 17/19ஆம் எண் தீர்மானத்தை 23 ஆதரவு, 19 எதிர்ப்பு, 3 நடுநிலை என்னும் வாக்குகளால் ஏற்றது. இப்பொருளை முதன்மையாகக் கொண்டு ஐக்கிய நாடுகள் அமைப்பொன்று ஏற்ற முதல் தீர்மானம் இது. இதனை முன்மொழிந்தது தென்னாப்பிரிக்கா. ரஷ்யா எதிர்த்து வாக்களித்தது. இத்தீர்மானத்தின் நடையை நோக்கினால், உலகின் எல்லாப் பகுதிகளிலும் மனிதர்மீது ‘இழைக்கப்படும்’ வன்முறை குறித்துக் கவலை தெரிவிப்பதாக அது அமைந்துள்ளது. வினை செயப்பாட்டு வினை. வினையைச் செய்தவர் பெயர் இல்லை. எந்நாட்டையும் சுட்டாமையால் பெரும்பான்மை திரட்ட முடிந்தது என்பது இந்நடையின் பயன். துன்புற்றவர் செயப்படுபொருளாகவே நின்றுவிடுவது இதன் குறை. எனினும் உயர் ஆணையர் ஓர் ஆய்வறிக்கை அணியப்படுத்த வேண்டும் என்று அது பணித்தது. அவ்வறிக்கையின் வழியே துன்புற்றோரின் நிலை ஐக்கிய நாடுகளின் ஆவணங்களுக்குள் நுழைந்தது.

இதற்கு எதிர்நிலையில் ரஷ்யா முன்மொழிந்த தீர்மானங்கள் வைத்து எண்ணத்தக்கவை. மாந்தகுலத்தின் மரபு விழுமியங்களைச் செவ்வனே புரிந்துகொள்வதன் வழியே மனித உரிமைகளை வளர்த்தல் என்னும் கருத்தமைந்த தலைப்பில் 2009, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று தீர்மானங்கள் ஏற்கப்பட்டன. 2012ஆம் ஆண்டுத் தீர்மானத்திற்கு 25 ஆதரவும் 15 எதிர்ப்பும் 7 நடுநிலையும் இருந்தன. தன்பாலீர்ப்பு என்னும் சொல் இத்தீர்மானங்களின் பேசுபொருளாக வெளிப்பட நிற்கவில்லை. யாருடைய மரபு என்பதும் வரையறுக்கப்படவில்லை. பெயர் சொல்லாமலே ஒருவரை அவையிலிருந்து விலக்கும் உத்தி இது. 17/19ஆம் தீர்மானம் குற்றம் செய்தவரை மறைத்தது. மரபு விழுமியத் தீர்மானங்கள் குற்றத்திற்கு ஆளாகக் கூடியவரை மறைத்தன. இரண்டும் மறைப்புகளே எனினும் இவை நிகரானவை அல்ல. முன்னது உரிமைக்கு ஒரு வாயிலைத் திறந்தது. பின்னது வாயில் இருப்பதையே சொல்லாமல் விட்டது.

3. சோச்சி: ஒரு சட்டம், ஒரு தூதுக்குழு

ரஷ்யாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், சிறாரிடையே ‘மரபுசாராப் பாலுறவுகளை’ப் பரப்புரை செய்வதைத் தடைசெய்தது. ஜூன் 11இல் கீழவையில் 436 பேர் ஆதரித்தனர், ஒருவர் வாக்களிக்காது ஒதுங்கினார், எதிர்த்தவர் எவருமில்லை. மரபான உறவும் மரபுசாரா உறவும் சமூக நிலையில் ஒப்பானவை என்னும் எண்ணத்தையே திரிந்த எண்ணமாக அச்சட்டம் வரையறுத்தது. ஆகவே அதில் தண்டிக்கப்படுவது செயலினும் சமத்துவம் என்னும் கூற்றே எனலாம். குடிமக்கள் தனியராகச் செய்தால் 4,000 முதல் 5,000 ரூபிள் வரை தண்டம். அயல்நாட்டவர் செய்தால் தண்டத்துடனோ 15 நாள் வரையிலான காவலுடனோ நாட்டைவிட்டு வெளியேற்றம். அயல்நாட்டவருக்கென்று தனிப் பிரிவு வகுத்தமை, இப்பேச்சு வெளியிலிருந்து வருவது என்னும் பழைய எண்ணம் சட்ட உருப்பெற்றமையைக் காட்டுகிறது. ஸ்டாலின் காலம் முதல் சோச்சி வரையிலான இவ்வெண்ணத்தின் தொடர்ச்சியை வரலாற்றாய்வாளர் டான் ஹீலி தம் நூலில் ஆராய்ந்துள்ளார்.

2011 டிசம்பர் 6இல் ஜெனீவாவில் ஹிலரி கிளின்டன் ஆற்றிய உரை தன்பாலீர்ப்பினர் உரிமைகளை மனித உரிமைகளே என்று அறிவித்திருந்தது. தன் நாட்டின் வரலாறும் குறையுடையதே என்று அவ்வுரை ஒப்புக்கொண்டது அதன் சிறப்பு. பிறரை நோக்கிப் பேசும்போது தன்னையும் குற்றத்தின் எழுவாயாக வைத்த அரசுரைகள் அரியவை. ஆனால் ஈராண்டுகளில் நிலை மாறியது. 2013 ஆகஸ்டில் எட்வர்ட் ஸ்னோடனுக்கு ரஷ்யா புகலிடம் அளித்தது. ஒபாமா மாஸ்கோ உச்சி மாநாட்டைக் கைவிட்டார். ஏவுகணைத் தடுப்பு, படைக்கலக் குறைப்பு, வணிகம் ஆகியவற்றுடன் மனித உரிமையும் அப்போது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றாக நின்றது. டிசம்பரில் புதின் நாடாளுமன்ற உரையில் மேலைநாட்டுச் சகிப்புத்தன்மையைப் பாலற்றதென்றும் மலடென்றும் இகழ்ந்தார். சில நாள்களில் சோச்சி குளிர்கால ஒலிம்பிக் விழாவிற்கான அமெரிக்கத் தூதுக்குழு அறிவிக்கப்பட்டது. குடியரசுத் தலைவரோ துணைத் தலைவரோ அதில் இல்லை. வெளிப்படையான தன்பாலீர்ப்பினரான டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கும் பனிவளைகோல் பந்தாட்ட வீராங்கனை கெய்ட்லின் கஹோவும் இடம்பெற்றனர். அறிவிப்புக்குப் பின் பனிச்சறுக்கு நடன வீரர் பிரையன் பொய்டானோ தாமும் தன்பாலீர்ப்பினர் என்று வெளியிட்டார்.

இச்செயலின் நயத்தை மறுக்க இயலாது. பேச்சின்றிப் பேசிய தூது அது. பொய்டானோவின் அறிவிப்பு ஒரு மனிதர் தன்மையில் பேசிய கூற்று என்பதும் உண்மை. ஆயினும் அத்தூதின் முன்னிலையில் இருந்தது ரஷ்ய அரசு. தண்டம் செலுத்த வேண்டிய ரஷ்யக் குடிமகன் அங்கும் படர்க்கையில்தான் இருந்தான். 2014 மார்ச் மாதம் கிரிமியா இணைப்பு நிகழ்ந்ததும் இரு நாடுகளின் பூசல் வேறு தளத்திற்கு நகர்ந்தது. சட்டம் அப்படியே இருந்தது. அம்மாத இறுதியில் ஒபாமா ரியாத் சென்றார். தன்பாலுறவுக்கு மரண தண்டனை வரை விதிக்க இடமுள்ள நட்பு நாட்டில், சோச்சியில் கண்டது போன்ற குறியீட்டுச் செயல் நிகழவில்லை. கொடி பகைவரின் வாயிலில் மட்டுமே பறக்குமாயின், அது உரிமையைக் குறிக்கிறதா பகையைக் குறிக்கிறதா என்ற ஐயம் எழுவது இயல்பு.

கொடி ஏந்தியவரின் உறுதியும் ஆராயத்தக்கது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தன்பாலுறவைக் குற்றமாக்கும் சட்டங்களை உலகெங்கும் நீக்க முனையும் இயக்கமொன்றைத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் தன் படையில் திருநர் பணியாற்றுவதற்குக் கட்டுப்பாடுகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஜூனில் தூதரகக் கொடிமரங்களில் வானவில் கொடி ஏற்ற இசைவு கேட்டவற்றுக்கு அதனை மறுத்தது. 2025 ஜனவரி 20ஆம் நாள் ஆணை, அரசு ஏற்கும் பால்கள் இரண்டே என்று அறிவித்தது. சின்னம் ஆட்சிக்கு ஆட்சி ஏறவும் இறங்கவும் கூடியது. அதனை நம்பி வெளியே வந்து நின்றவர் அவ்வளவு எளிதில் உள்ளே திரும்ப முடியாது.

4. வாக்குப் பலகையில் ஒன்றுகூடிய பகைவர்

2014இல் ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் பான் கி மூன் தம் பணியாளரின் மணநிலை குறித்த விதியை மாற்றினார். அதுவரை ஒரு பணியாளரின் மணம் அவர் எந்நாட்டுக் குடிமகனோ அந்நாட்டுச் சட்டப்படி மதிக்கப்பட்டது. மாற்றத்திற்குப் பின், மணம் எங்கு நடந்ததோ அவ்விடத்துச் சட்டப்படி மதிக்கப்பட்டது. இதனால் தன் நாடு ஏற்காத போதும் தன்பாலின இணையருக்குரிய பணிப்பயன்களைப் பணியாளர் பெறலாயினர். இதனை நீக்கக் கோரி ரஷ்யா கொண்டுவந்த வரைவுத் தீர்மானம் 2015 மார்ச் 24இல் பொதுப்பேரவையின் ஐந்தாம் குழுவில் 43 ஆதரவு, 80 எதிர்ப்பு, 37 நடுநிலை என்னும் வாக்குகளால் தோற்றது.

அந்த 43இன் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. எல்லையில் எதிரெதிர் நிற்கும் இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் ஒருங்கே இருந்தன. மேற்கு ஆசியாவில் ஒன்றையொன்று வெறுக்கும் ஈரானும் சவூதி அரேபியாவும் இருந்தன. மரபைக் காக்கிறோம் என்ற பேச்சு மரபுகளின் பெயரால் மோதும் நாடுகளையே ஒருங்கிணைத்தது. எனவே பகை மட்டுமே தன்பாலீர்ப்பினரைக் கருவியாக்குகிறது என்பது முழு உண்மையாகாது. பகையைக் கடந்த உடன்பாடும் அவர்களை விலக்கியே அமையக்கூடும்.

பேச்சின் பொருள் இங்குச் சுருங்கியிருந்ததையும் காண வேண்டும். நாகரிகங்களின் மோதல் என்று பெருக்கிப் பேசப்பட்டாலும், தீர்மானிக்க வேண்டியது ஒரு பணியாளரின் இணையருக்குரிய பயன்கள். வாக்கெடுப்பு முடிந்த பின்னும் அப்பயன் நிலைத்தது. கொடியோடும் தூதுக்குழுவோடும் ஒப்பிடுகையில் அரங்கில் ஒளி குறைந்த நிகழ்வு இது. வாழ்வில் எஞ்சியது இதுவே.

இந்தியாவிடமும் இவ்வினாவை எழுப்ப வேண்டும். 2013 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு மீண்டும் உயிரூட்டியது. மறுநாள் நியூயார்க்கில் இந்தியத் துணைத்தூதர் தேவயானி கோப்ரகடே கைது செய்யப்பட்டார். இருநாட்டுப் பூசல் மூண்டதும், முன்னாள் வெளியுறவு அமைச்சர் யஷ்வந்த் சின்கா, இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதர்களின் தன்பாலின இணையரை அப்பிரிவின் கீழ்க் கைது செய்யலாம் என்னும் யோசனையை வெளியிட்டார். அது செயற்படுத்தப்படவில்லை. எனினும் நட்பு நாடுகளுக்கிடையே ஒரு வாரப் பூசல் எழுந்தாலும் ஒரு சாரார் பிணையாக எண்ணப்படலாம் என்பதற்கு அது சான்று. 2016 ஜூன் 30இல், இப்பொருளுக்கெனத் தனி வல்லுநரை நியமிக்கும் 32/2ஆம் தீர்மானத்தை மனித உரிமைகள் பேரவை 23 ஆதரவு, 18 எதிர்ப்பு, 6 நடுநிலை வாக்குகளால் ஏற்றபோது இந்தியா நடுநிலை வகித்தது. 2018 செப்டம்பர் 6இல் 377ஆம் பிரிவின் வலிமையைக் குறைத்தது அயல்நாட்டின் கண்டனம் அன்று. குடிமக்கள் தம் பெயரில் தொடுத்த வழக்கு.

5. தன்மையில் பேசியோர்

2009 மார்ச் 30இல் ரஷ்யாவின் ரியாசான் நகரில், பள்ளிக் கட்டடம் ஒன்றின் அருகே இரினா ஃபெதோதோவா சுவரொட்டிகளைக் காட்டி நின்றார். தன்பாலீர்ப்பு இயல்பானது என்றது ஒன்று. தன் தன்பாலீர்ப்பு குறித்துத் தான் பெருமை கொள்வதாகச் சொன்னது மற்றொன்று. முதற்கூற்று படர்க்கை, இரண்டாவது தன்மை. ரஷ்ய மொழியின் நிகழ்கால வினைமுற்றும் தமிழ் வினைமுற்றைப் போல இடம் காட்டும் விகுதி உடையது. ஆதலின் ‘நான்’ அங்குப் பெயரிலும் வினையிலும் இருமுறை ஒலித்தது. மாநிலச் சட்டத்தின்படி அவருக்கு 1,500 ரூபிள் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 2012 அக்டோபர் 31இல் அக்குழு, அவருடைய கருத்துரிமை பாகுபாடான முறையில் மீறப்பட்டதாக முடிவு கூறியது. ரஷ்ய நாடாளுமன்றம் நாடு தழுவிய சட்டத்தை இயற்றுவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே அச்சட்ட வகைக்கு எதிரான பன்னாட்டு முடிவு வந்துவிட்டது. அதனைப் பெற்றுத் தந்தது வல்லரசு எதுவும் அன்று. சுவரொட்டி ஏந்திய ஒரு பெண்.

அதே ஃபெதோதோவா தம் இணையருடன் திருமணப் பதிவு கோரி மறுக்கப்பட்டுத் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2023 ஜனவரி 17இல், தன்பாலின இணையருக்குச் சட்ட ஏற்பும் பாதுகாப்பும் அளிக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. ரஷ்யா அதற்கு முன்பே அவ்வுடன்படிக்கையிலிருந்து விலகிவிட்டமையால் அவருக்குத் தம் நாட்டில் பயன் கிட்டவில்லை. ஆனால் அத்தீர்ப்பு உடன்படிக்கையில் எஞ்சிய நாடுகள் அனைத்திலும் வழிகாட்டும் நெறியாயிற்று.

2017இல் செச்னியாவில் தன்பாலீர்ப்பினரெனக் கருதப்பட்ட ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டுத் துன்புறுத்தப்பட்டதை நோவயா கசெத்தா இதழ் வெளிக்கொணர்ந்தபோது, செச்னியத் தலைவரின் செய்தித் தொடர்பாளர் அத்தகையோர் அங்கு இல்லவே இல்லை என்றார். படர்க்கையின் கடைசிப் படி இன்மை. அதற்கு மறுமொழியாக மாக்சிம் லபுனோவ் தம் முகத்தையும் பெயரையும் மறைக்காது தாம் பட்டதைச் சொன்னார். 2023 செப்டம்பர் 12இல் ஐரோப்பிய நீதிமன்றம், அவர் தம் பாலியல் நாட்டத்தின் பொருட்டு அரசுப் பணியாளரால் சித்திரவதைக்கு ஆளானதை ஏற்றுத் தீர்ப்பு வழங்கியது. ‘இல்லை’ என்னும் அரசின் சொல்லை ‘நான் இருக்கிறேன்’ என்னும் ஒருவரின் சொல் வென்றது.

அதே ஆண்டு நவம்பர் 30இல் ரஷ்ய உச்ச நீதிமன்றம் ‘பன்னாட்டு எல்ஜிபிடி சமூக இயக்கம்’ தீவிரவாத அமைப்பு என்று அறிவித்தது. அப்பெயரில் பதிவுபெற்ற அமைப்பு எதுவுமில்லை. மூடிய கதவுகளுக்குள் நடந்த அவ்வழக்கில் எதிர்வாதியாக அவையில் நிற்க எவரும் இல்லை. தண்டனை உண்டு, தண்டிக்கப்படுபவர் இல்லை என்னும் இவ்வமைப்பு, இக்கட்டுரை சுட்டிவந்த மொழியின் முற்றிய வடிவம். ‘பன்னாட்டு’ என்னும் அடைமொழி 1933ஆம் ஆண்டின் உளவுக் குற்றச்சாட்டை நினைவூட்டுகிறது.

6. முன்னாய்வுகள் குறித்த மதிப்பீடு

இத்துறையில் ஜோசப் மசாத், ஜஸ்பீர் புவார், டென்னிஸ் ஆல்ட்மன் – ஜோனதன் சைமன்ஸ், ராகுல் ராவ் ஆகியோரின் ஆக்கங்கள் இன்றியமையாதவை. தன்பாலீர்ப்பினர் உரிமையை நாகரிகத்தின் அளவுகோலாக்கி ஒரு நாடு தன்னை உயர்த்திக்கொள்வதைப் புவார் 2007இல் வெளிவந்த தம் நூலில் வெளிப்படுத்தினார். சோச்சித் தூதுக்குழுவைப் புரிந்துகொள்ள அக்கருத்து பெரிதும் உதவுகிறது. ஆனால் அது ஏந்திய கையை ஆராயும் அளவுக்கு, கொடிக்கு எதிரே நின்று தண்டம் விதித்த கையை ஆராய்வதில்லை.

மேலைநாட்டு அமைப்புகள் தம் பாலியல் வகைப்பாடுகளை அரபுலகின்மீது சுமத்தி அங்கு ஒடுக்குமுறையைத் தூண்டுகின்றன என்பது மசாத்தின் வாதம். பேரரசுகளின் குரலை ஐயுறக் கற்பித்தது அதன் வலிமை. எனினும் ‘இது வெளியிலிருந்து வந்தது’ என்று ஓர் அறிஞர் பேரரசை எதிர்த்துச் சொல்வதும் ஓர் அரசு தன் குடிமக்களை எதிர்த்துச் சொல்வதும் சொல்லளவில் ஒன்றாகிவிடும் இடர் அதில் உண்டு. ஃபெதோதோவாவின் ‘நான்’ எந்த வெளிநாட்டிலிருந்து வந்தது என்ற வினாவுக்கு அவ்வாதத்தில் விடையில்லை.

ஆல்ட்மனும் சைமன்ஸும் 2016இல் எழுதிய நூல், உரத்த கண்டனம் எதிர்வினையைத் தூண்டக்கூடும் என்று எச்சரித்து, அந்தந்த நாட்டுச் செயற்பாட்டாளரின் கருத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்கிறது. இம்முடிபு இக்கட்டுரைக்கும் உடன்பாடானது. ஆனால் உள்ளூர்க் குரல் என்பது ஒரே குரல் அன்று. ஒடுக்குமுறையின் கீழ் எக்குரல் வெளியே கேட்கும் என்பதனையும் அவ்வொடுக்குமுறையே முடிவுசெய்கிறது. உகாண்டாவையும் இந்தியாவையும் பிரித்தானியாவையும் ஒருசேர ஆராய்ந்த ராவின் 2020ஆம் ஆண்டு நூல், குடியேற்றக் காலச் சட்டங்களின் சுமையையும் இன்றைய அரசுகளின் பொறுப்பையும் ஒன்றுக்காக மற்றொன்றை விடாது எடைபோடுகிறது. இவ்விரட்டைப் பார்வையே அமெரிக்க – ரஷ்ய மோதலுக்கும் வேண்டப்படுவது.

முடிவுரை

பனிப்போர்க் காலத்தில் இரு வல்லரசுகளும் தன்பாலீர்ப்பினரை எதிரியின் சாயலாகக் கண்டன. இன்று ஒன்று அவர்களைத் தன் சின்னமாக உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக இருக்கிறது. மற்றொன்று அவர்களை எதிரியின் சின்னமாகவே இன்னும் காண்கிறது. இரு நிலையிலும் அவர்கள் படர்க்கையில் நிற்கின்றனர். சின்னமாக உயர்த்துவதும் குற்றமாக்குவதும் ஒன்றே என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஒன்றால் சிறை நேர்கிறது, மற்றொன்றால் நேர்வதில்லை. ஆனால் சின்னமாதல் உரிமையாகாது.

அரசதந்திரச் செயல் ஒவ்வொன்றையும் மதிப்பிட இரண்டு வினாக்களை இவ்வாய்வு முன்வைக்கிறது. உரிமைக்கு உரியவர் அதில் தன்மையில் பேச இடமுண்டா? பகை தணிந்த பின்னும் அவரிடம் எஞ்சுவது எது? இவ்வளவுகோலில் கொடியும் தூதுக்குழுவும் எடை குறைகின்றன. பணியாளர் விதியும், தனி வல்லுநர் பதவியும், முறையீட்டை ஏற்கும் மன்றங்களும் எடை கூடுகின்றன. அத்தகைய மன்றங்களிலிருந்து ஒரு நாடு விலகுவதும் விலக்கப்படுவதும் அந்நாட்டுக் குடிமக்களின் வாயிலை அடைக்கின்றன என்பதனையும் கருத வேண்டும். 2022 செப்டம்பர் 16க்குப் பின் ரஷ்யாவில் இழைக்கப்படும் கொடுமைக்கு ஃபெதோதோவாவைப் போல் இன்னொருவர் ஐரோப்பிய நீதிமன்றம் செல்ல இயலாது.

ஹாரி வைட்டின் கடிதம் 1934இல் காப்பகத்திற்குச் சென்றது. அதனை எழுதியவர் கேட்டது கொடியன்று, விடை. இன்றும் அத்தகைய கடிதங்கள் எழுதப்படுகின்றன. அவற்றைப் பெற்றுப் படித்து விடையிறுக்கக் கடமைப்பட்ட மன்றங்கள் எத்தனை எஞ்சியுள்ளன என்பதே இப்பொருளில் அரசுகளிடம் கேட்கப்பட வேண்டிய வினா.